ராஜபாளையம் குட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல காதைச் சோதிங்க!

பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. ராஜபாளையம் குட்டியைப் பார்த்ததும் மனசு பறிபோயிடும். 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்த நம்மூர் நாய் ஆச்சே! ஆனா, அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் போவதும் உண்டு. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாததே காரணம்.

கூட்டத்தில் இது தெரியாது. காது கேட்காத குட்டியும் மற்றவை ஓடினால் கூடவே ஓடும். அதனால குட்டியைத் தனியா விட்டு, அது வேறெங்கோ பார்க்கும்போது, பின்னால் சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்க. காது அசையுதா, தலை திரும்புதா? சந்தேகம்னா கால்நடை மருத்துவரிடம் காட்டிட்டு முடிவெடுங்க. அரிசி ஆலை லாரிகள் வந்துபோகும் புதுவயல் மாதிரி ஊரில், ஹாரன் கேட்காத நாயை அவிழ்த்துவிடவே முடியாது.

இன்னொண்ணு, 8 வாரம் ஆகாத குட்டியை வளர்ப்பாளர்கள் விற்கக் கூடாது என்கின்றன மத்திய அரசின் 2017 விதிகள். "கண்ணு திறந்துடுச்சு, எடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னா, வெறுங்கையோட திரும்பி வந்துடுங்க.