அயனி மண்டலமும் செயற்கைக் கோள் கடிகாரமும்

மும்பையின் குர்லாவில், ஒரு கட்டடத்தின் மாடியில், செயற்கைக் கோளிலிருந்து நேரம் பெறும் கருவி ஒன்று வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோளின் சமிக்ஞை ஏறக்குறைய 0.07 விநாடியில் அதனை வந்தடைகிறது. வழியின் பெரும் பகுதி வெற்றிடமே. ஆயினும் கடைசி ஆயிரம் கிலோமீட்டரில் அயனி மண்டலம் குறுக்கிடுகிறது. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து விடுகின்றன. அவற்றினூடே வரும் சமிக்ஞை தாமதமடைகிறது.

ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புள்ள பாதையில் பதினாயிரம் கோடி கோடி எலெக்ட்ரான்கள் இருப்பின், 1575.42 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை சுமார் 54 நானோ விநாடி பிந்தும். நானோ விநாடி என்பது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. சுவர்க் கடிகாரத்துக்கு இது பொருட்டன்று. மைக்ரோ விநாடிக் கணக்கில் ஒத்தியங்கும் கைபேசிக் கோபுரங்களுக்கும் சிறு பிழையே. அணுக் கடிகாரங்களை ஒப்பிடுவோருக்கோ இது பெரும் பிழையாகும்.

இத்தாமதம் நிலையானதன்று. இரவில் குறைந்து, பிற்பகலில் மிகும். சூரியப் புள்ளிகள் மலிந்த ஆண்டுகளில் மேலும் பெருகும். இடத்தையும் பொறுத்தது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிச் செல்கிறது. பகலில் அக்கோட்டின்மேல் எலெக்ட்ரான்கள் நீரூற்றுப்போல் உயர எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் சரிந்து குவிகின்றன. இதனை ஆப்பிள்டன் 1946-இல் எடுத்துக்காட்டினார். வட குவியல் அகமதாபாத், போபால் பகுதிகளின்மேல் அமைகிறது. குர்லா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆதலின் அங்கே தாமதம் நாளுக்கு நாள் மாறுபடுகிறது.

பரிகாரமும் இயற்கையிலேயே உள்ளது. தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகும். நாவிக் கோள்கள் 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அதிர்வெண்களில் சமிக்ஞை அனுப்புமாறு அமைக்கப்பெற்றன. முன்னதன் தாமதம் பின்னதைப்போல் சுமார் நாலரை மடங்கு. இரண்டும் வந்து சேரும் நேர வேறுபாட்டை அளந்தால் தாமதத்தையே கணித்து நீக்கலாம். ஒற்றை அதிர்வெண் கருவியோ கோள் அனுப்பும் திருத்தக் கணக்கை நம்ப வேண்டும். அது பிழையில் ஏறக்குறைய பாதியையே போக்கும்.

குர்லாவிலும் அருகிலுள்ள செம்பூரிலும் இரு கருவிகள் ஒரே கோளை ஒரே வேளையில் நோக்கினால், இரண்டின் தாமதமும் ஏறக்குறைய ஒன்றே. கழித்தால் அது நீங்கிவிடும். தொலைவிலுள்ள நிலையங்களுக்கு இது பொருந்தாது. எனவே கடிகாரங்களை ஒப்பிடும் பணியாளர், கருவி ஒற்றை அதிர்வெண்ணதா, இரட்டையா என்பதையும், அளந்த வேளையையும் குறித்துவைத்தல் இன்றியமையாதது. நண்பகல் அளவையும் விடியற்கால அளவையும் ஒருங்கே வைத்துக் கடிகாரத்தின்மீது குறை கூறுதல் தகாது. பிழை வானத்தினுடையதாக இருக்கலாம்.