நிறுத்தத் தெரிந்தவரே மரம் ஏறலாம்

அரை மீட்டர் விட்டமுள்ள பச்சை ஓக் மரத்தில் ஒரு மீட்டர் நீளத் துண்டு ஏறக்குறைய 200 கிலோ எடை இருக்கும். இங்கிலாந்தின் குடியிருப்புத் தெருக்களில் அப்படிப்பட்ட மரம் நிற்பது பெரும்பாலும் ஒரு வீட்டின் பின்தோட்டத்தில். ஒரு பக்கம் கண்ணாடிக் குடில், மறுபக்கம் அடுத்த வீட்டுக் கூரை, இடையில் தொலைபேசிக் கம்பி. கிரேன் உள்ளே வர வழியில்லை. வீட்டோரம் ஓர் ஆள் நுழையும் சந்துதான் பாதை. மரத்தை அடியோடு சாய்க்க இடமில்லாததால், உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்பவரை அங்கே ட்ரீ சர்ஜன் என்கிறார்கள். இவர்களில் சுயதொழில்காரர்கள் நிறைய. ஒரு பிக்கப் வண்டி, அதன் பின்னால் கிளைகளைச் சிறு சில்லுகளாக நறுக்கும் சிப்பர், கூடமாட ஒரு தரையாள்; தொழில் அவ்வளவுதான். வண்டியும் இல்லாதவர்கள் தங்கள் கயிற்றையும் ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு இன்று ஒரு முதலாளியிடம், நாளை வேறொருவரிடம் என்று நாள்கூலிக்கு ஏறுகிறார்கள். வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது செயின்சா மட்டும்தான். ஆனால் அவர்களுடைய கருவிப் பையைக் கொட்டிப் பார்த்தால், உள்ளே இருப்பவற்றில் பாதிக்கு மேல் எதையாவது நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. தேரை இழுக்க ஊரே திரண்டு வரும். முட்டுக்கட்டை போட ஒன்றிரண்டு பேருக்குத்தான் தெரியும். மரமேறுபவரின் திறமை இந்த இரண்டாவது வகை.

ஏறுமுன் ஒரு சுற்று

காலையில் முதல் வேலை மரத்தைச் சுற்றி வருவது. மரம் தன் உடலில் எங்கே பளு அதிகமோ அங்கே கூடுதலாகக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. எனவே தண்டில் தெரியும் புடைப்பும் வரம்பும் உள்ளே இருக்கும் பொந்தையோ விரிசலையோ காட்டிக்கொடுக்கும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பணியாற்றிய இயற்பியலாளர் கிளாவ்ஸ் மாத்தெக், இப்படிக் கண்ணால் பார்த்தே மரத்தின் பலத்தைக் கணிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். சந்தேகம் வந்தால் நைலான் சுத்தியால் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியான கட்டையின் ஒலி ஒரு மாதிரி, உளுத்ததன் ஒலி வேறு மாதிரி. அடிமரத்தில் கரி பூசியதுபோல் கறுத்த பூஞ்சை படர்ந்திருந்தால் எச்சரிக்கை. அந்தப் பூஞ்சை தின்ற கட்டை வளையாது. பீங்கான்போல் படக்கென்று முறியும்.

இந்தச் சுற்று இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. ஆஷ் மரங்களை வாட்டும் ஒரு பூஞ்சை நோய் 2012-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. இன்று நாடு முழுவதும் பரவிவிட்டது. நோய் முற்றிய ஆஷ் எப்போது எங்கே முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அதில் ஏறாமல், வண்டியில் பொருத்திய தூக்குமேடையில் நின்றே அறுக்கிறார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கும். பறவை முட்டையிட்டிருக்கும் கூட்டைக் கலைப்பது 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நகராட்சி பாதுகாப்பு ஆணை போட்ட மரத்தை அனுமதியின்றி வெட்டி அழித்தால், இங்கிலாந்தில் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது.

முடிச்சே பிரேக்

எறிகயிற்றின் நுனியில் சிறு மணல்பையைக் கட்டி, கையாலோ பெரிய கவணாலோ உயரக் கிளைக்கு மேலாக வீசுவார்கள். அதன் பின்னால் ஏறுகயிறு மேலே போகும். ஏறுபவரின் இடுப்பு வாரை அந்தக் கயிற்றோடு இணைப்பது சின்னஞ்சிறு கயிறு ஒன்று போட்டிருக்கும் சுருக்கு. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் பரவலாக்கிய முடிச்சின் வழிவந்தது இது. உடல் எடை இழுக்கும்போது சுருக்கு இறுகிக் கயிற்றைக் கவ்வும். கையால் மேலிருந்து மெல்ல அழுத்தினால் இளகி வழுக்கும். உடல் எடை கூடக் கூடப் பிடியும் கூடும் என்பதுதான் இதன் அழகு. கயிறும் வாரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவரால் சோதிக்கப்பட வேண்டும் என்பது பிரிட்டனின் விதி.

மேலே ரம்பம் ஓடும்போது ஒரு பிடிமானம் போதாது. இரண்டாவதாக ஒரு கயிற்றைத் தண்டைச் சுற்றிப் போட்டுக்கொள்வார்கள். கீழே நிற்பவரும் வெறும் உதவியாள் அல்ல. மேலே இருப்பவருக்கு ஏதேனும் நேர்ந்தால் ஏறி அவரை இறக்கத் தெரிந்த ஒருவர் தரையில் இருந்தே ஆகவேண்டும். இந்தத் தொழிலில் தனியாள் என்பது வரவுசெலவுக் கணக்கில் மட்டும்தான்.

பல்லுக்கும் ஒரு தடை

செயின்சாவின் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். சங்கிலியை அருகில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு தெரியும். பல் மரத்தில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது. பல்லைவிட அது அரை மில்லிமீட்டர் சொச்சம் தாழ்ந்திருக்கும். அராவும்போது மேட்டை அதிகமாகத் தேய்த்துவிட்டால் பல் ஆழமாகக் கடித்து, ரம்பம் துள்ளத் தொடங்கும். கூர் சரியாக இருந்தால் அறுபடும் மரம் செதில் செதிலாக விழும். மாவாக உதிர்ந்தால் அரத்தைக் கையில் எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ரம்பத் தகட்டின் மேல்நுனி தவறுதலாக எதிலாவது பட்டால், ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். அந்த எகிறலே முன்கைக் காப்பைத் தள்ளிப் பிரேக்கைப் போட்டுவிடும். கண் இமைப்பதற்குள் சங்கிலி நிற்கும். அதையும் மீறிக் காலில் பட்டால் காப்பாற்றுவது கால்சட்டை. அதன் உள்ளே நீளநீளமான மெல்லிய இழைகள் தளர்வாக அடுக்கப்பட்டிருக்கும். மேல்துணி கிழிந்ததும் சங்கிலி அந்த இழைகளை இழுத்துக்கொண்டு போய், தன்னைச் சுழற்றும் பல்சக்கரத்தில் தானே சுற்றிக்கொண்டு சிக்கி நிற்கும். சங்கிலியின் வேகமே சங்கிலிக்குத் தளை. ஒருமுறை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்துப் போடக்கூடாது. அதன் ஆயுள் அதோடு முடிந்தது.

அதிர்வை நிறுத்தத்தான் முழுமையான வழி இல்லை. வருடக்கணக்கில் ரம்பம் பிடித்த கைகளில் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும் நோய் வருவதுண்டு. 2005 முதல் பிரிட்டனில் அதிர்வுக்கு வரம்பு விதிக்கும் சட்டம் இருக்கிறது. பேட்டரி ரம்பங்கள் பெருகிவருவதற்கு ஓசைக் குறைவோடு அதிர்வுக் குறைவும் ஒரு காரணம்.

200 கிலோவைப் பிடிக்கும் கை

அறுத்த துண்டைத் தரையாள் எப்படிப் பிடிக்கிறார்? அடிமரத்தில் கட்டிய உலோக உருளையில் கயிற்றைச் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, மிச்ச நுனியைக் கையில் வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு பெருக்கல் கணக்கில் கூடும். உராய்வு எண் 0.25 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் கையின் பிடி ஏறத்தாழ 5 மடங்கு ஆகும். இரண்டு சுற்றில் 23 மடங்கு. மூன்றில் 111 மடங்கு. அப்போது 200 கிலோ துண்டைத் தாங்க இரண்டு கிலோ பிடி போதும்.

ஆனால் இந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. துண்டு ஒரு மீட்டர் விழுந்தபின் கயிறு 25 சென்டிமீட்டர் மட்டும் நீண்டு அதை வெடுக்கென்று நிறுத்தினால், கயிற்றில் ஏறும் பளு துண்டின் எடையைப்போல் 10 மடங்கு. 200 கிலோ ஒரு கணம் இரண்டு டன் ஆகிவிடும். உச்சியில் கப்பி தொங்கும் இடத்தில் கயிற்றின் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி இழுப்பதால், அங்கே சுமை அதிலும் ஏறத்தாழ இருமடங்கு. ஏறியவர் தன்னைக் கட்டிக்கொண்டிருப்பதும் அதே தண்டில்தான். ஆகவே தேர்ந்த தரையாள் துண்டை உடனே பிடிக்கமாட்டார். கயிற்றைச் சற்று ஓடவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார். எப்போது நிறுத்துவது என்பதைவிட எவ்வளவு மெதுவாக நிறுத்துவது என்பதில்தான் அவர் அனுபவம் தெரியும்.

மரம் போடும் சுவர்

மரத்தை வெட்டி எறிவதைவிடக் கடினம், அது பிழைக்கும்படி கிளையை மட்டும் எடுப்பது. நம் தோலில் காயம் ஆறும்போது பழுதான திசுவின் இடத்தில் புதியது வளர்கிறது. மரத்தால் அது முடியாது. அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதை அங்கேயே அடைத்துப்போட்டுவிட்டு மேற்கொண்டு வளர்கிறது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நெடுக்காகப் பிளந்து பார்த்து இதைக் கண்டறிந்தார். 1977-இல் இதை விளக்கமாக எழுதினார். அவர் கணக்கில் சுவர்கள் நான்கு. மேலும் கீழுமாக நீர்க்குழாய்களை அடைப்பது பலவீனமான சுவர். காயத்துக்குப் பிறகு புதிதாக வளரும் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் இடையே எழுவது மிக வலியது.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு வீக்கம் இருக்கும். சுவர் எழுப்பும் ஏற்பாடு அங்கேதான். ஆகவே மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் முதல் வெட்டு தடுத்துவிடும். மீந்த அடித்துண்டை வளையத்துக்கு ஒட்டி வெளியே அறுப்பது மூன்றாவது. தண்டோடு தண்டாக மழித்தால் சுவரே போய்விடும். நீளமாக அடித்துண்டு விட்டால் அது செத்து அழுகலுக்கு வழிவிடும். தாரோ பெயின்ட்டோ பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் ஷிகோவின் முடிவு. நம் வேம்புக்கும் புங்கனுக்கும் இதே விதிதான். பிழைக்க வேண்டிய மரத்தில் ஆணிக்காலணி மாட்டி ஏறாததும் இதனால்தான். ஒவ்வொரு ஆணியும் ஒரு புதுக் காயம்.

வேண்டாம் என்பதும் வேலை

சுயதொழில்காரருக்கு மிகச் சங்கடமான கோரிக்கை, "உச்சியை வெட்டிவிடுங்கள், வெளிச்சம் வரட்டும்" என்பது. மொட்டையடித்த மரம் பட்டினியைச் சமாளிக்க வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்விடும். அந்தத் துளிர்கள் தண்டின் உள்ளிருந்து வேரூன்றி வருவதில்லை. மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு வேகமாகப் பருக்கும். சில வருடங்களில் பழைய உயரமே திரும்பிவிடும். அடியில் அழுகலும் மேலே பலவீனமான கிளைகளுமாக, மரம் முன்னைவிட ஆபத்தானதாக மாறியிருக்கும்.

வீட்டுக்காரர் பணத்தோடு நிற்கிறார். ரம்பத்துக்கும் காப்பீட்டுக்கும் வண்டித் தவணைக்கும் அந்தப் பணம் வேண்டும். உச்சியை விட்டுவிடலாம், உள்கிளைகளில் சிலதை மட்டும் கழித்தாலே வெளிச்சம் வரும் என்று எடுத்துச் சொன்னால், சிலர் கேட்பார்கள். சிலர் மலிவாக வெட்டித்தரும் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அன்றைய கூலி போகும் என்று தெரிந்தும் அதைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழில் முழுதாகக் கைவந்திருக்கிறது.