விழுந்த கம்ப்யூட்டரின் நாடி

மேஜை மீது இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று மயங்கி விழுவதற்கென்றே இருப்பது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு பழுதானால் அந்த இயந்திரத்தால் வாய் திறக்க முடியாது. கேபிள் வழியே அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கத்தான் இன்னொன்று. 1998இல் மைக்ரோசாஃப்ட் தன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கிய ஹைதராபாதில், சிஸ்டம் புரோகிராமர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

எழுதுவதைவிடத் தேடுவதே அதிகம். நூறு தடவை ஓட்டினால் ஒரு தடவை மட்டும் தலைகாட்டும் பிழைகள் உண்டு: இரண்டு பிராசஸர்கள் ஒரே நினைவிடத்தை ஒரே கணத்தில் தொடும்போது. எழுதியவர் கண்ணுக்குத் தப்பியது, பக்கத்து இருக்கைக்காரரின் அசட்டுக் கேள்வியில் அகப்படும். கோடையில் இரவு எட்டரை என்றால் ரெட்மண்டில் காலை எட்டு. வீட்டில் சாப்பாடு ஆற, இங்கே விவாதம் சூடுபிடிக்கும்.

ஒரு சின்னப் பிழைக்கா இவ்வளவு பாடு? 2024 ஜூலை 19ஐக் கேட்க வேண்டும். விண்டோஸின் உட்கருவுக்குள் இயங்கும் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு அப்டேட் வந்தது. அது எதிர்பார்த்தது 21 உள்ளீடுகள், கிடைத்தது 20. இல்லாத ஒன்றைத் தேடப்போய் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. தவறு மைக்ரோசாஃப்டுடையதல்ல, நீலத்திரை என்னவோ அதனுடையது. (2025இல் அதைக் கறுப்பாக்கிவிட்டார்கள்.) 78 நிமிடத்தில் அப்டேட் திரும்பப் பெறப்பட்டாலும், பல இயந்திரங்களை ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அன்று ஹைதராபாதிலிருந்து கொல்கத்தா கிளம்பிய ஒரு பயணிக்கு, இண்டிகோ போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தது.