மண்ணுக்குள் ஒரு பெராரி

1978 பிப்ரவரி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஒரு வீட்டின் பின்புறத்தைத் தோண்டிய போலீசார் திகைத்து நின்றனர். மண்ணுக்குள் ஒரு பச்சை நிறக் கார்! இத்தாலியின் பெராரி நிறுவனம் தயாரித்த 'டினோ 246' அது. 1974 டிசம்பரில் திருடு போயிருந்தது. வாங்கியவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்ட காப்பீட்டு நிறுவனமே இப்போது அதன் சொந்தக்காரர்!

புதைத்தவர்கள் காரின் திறப்புகளில் துணிகளைத் திணித்து வைத்திருந்தார்கள். ஆயினும் துரு விட்டுவிடவில்லை. ஏன் தெரியுமா? இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். மண் துகள்களின் இடுக்குகளில் இவ்விரண்டுமே உண்டு. இரும்பைவிடத் துருவுக்குப் பருமன் அதிகம். ஆகவே அது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அடியிலுள்ள புது இரும்பும் அரிப்புக்கு இரையாகிறது.

இதற்கு முந்திய 'டினோ 206' காரின் மேற்கூடு அலுமினியத்தால் ஆனது. அலுமினிய ஆக்சைடோ உதிராமல், மெல்லிய தோல்போல் ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கும். 246-இன் கூடு எஃகு. அந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை.

நல்லவேளை, மண்ணுக்குள் கிடந்தது மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். காப்பீட்டு நிறுவனம் காரை விற்றது. அது பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் சாலையில் ஓடியது. அதன் எண் பலகையில் பொறித்த வாசகத்தின் பொருள் என்ன தெரியுமா? 'தோண்டி எடுத்தது'!