பெற்றவர் பெயரும் வளர்த்தவர் பெயரும்

குடும்ப வம்சாவளியைத் தொகுக்க முற்படுவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டை எட்டியதும் ஒரு சிக்கலை எதிர்கொள்வது வழக்கம். ஒரே மனிதருக்கு ஒரு பத்திரத்தில் ஒரு தந்தையும், மற்றொரு பத்திரத்தில் வேறொரு தந்தையும் குறிக்கப்பட்டிருப்பார்கள். எழுத்தர் செய்த பிழை என்று சிலர் இதனை ஒதுக்கிவிடுவர். இருவேறு மனிதர்கள் என்று சிலர் முடிவுகட்டி, கிளையையே வெட்டிவிடுவர். மூன்றாவது விளக்கமொன்று உண்டு: கணவரை இழந்த தாய் மறுமணம் செய்துகொண்டிருக்கலாம், பிள்ளை வளர்த்தவரின் பெயரால் அறியப்பட்டிருக்கலாம்.

மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம், சோழவந்தான் முதலிய சுற்றுப்புற ஊர்களிலும் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களின் வரலாற்றை ஆராய்வோர் இவ்விளக்கத்தை முதலிலேயே நினைவிற்கொள்ள வேண்டும். விதவையின் மறுமணத்தை இஸ்லாம் அனுமதித்ததோடு ஊக்கவும் செய்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சமும், அடிக்கடி தலைகாட்டிய காலராவும் இளம் விதவைகளையும் தந்தையற்ற பிள்ளைகளையும் பெருக்கின. அத்தகைய பிள்ளைகள் பலர் தாயின் இரண்டாம் கணவரது இல்லத்திலேயே வளர்ந்தனர்.

இத்தகைய பிள்ளைகளின் பெயர் குறித்து மார்க்கத்தின் நிலை தெளிவானது. வளர்ப்பு மக்களை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு திருக்குர்ஆன் (33:5) பணிக்கிறது. அதுவரை ஸைத் பின் முஹம்மத் என்று அழைக்கப்பட்டு வந்த ஸைத் (ரலி) அவர்கள், அதன்பின் ஸைத் பின் ஹாரிஸா என்றே அழைக்கப்பட்டார்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் முதல் கணவர் அபூ ஸலமா (ரலி) மறைந்தபின், அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணந்தார்கள். நபியவர்களின் இல்லத்திலேயே வளர்ந்தும் அன்னையின் மக்கள் உமர் பின் அபீ ஸலமா, ஸைனப் பின்த் அபீ ஸலமா என்றே வரலாற்றில் நிலைபெற்றனர். ஸைனபின் முந்தைய பெயர் பர்ரா. அப்பெயரை மாற்றிய நபி (ஸல்) அவர்கள் தந்தையின் பெயரை மாற்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அலீ (ரலி) அவர்களின் வீட்டில் வளர்ந்த முஹம்மதும் இறுதிவரை அபூபக்ரின் மகன் என்றே அறியப்பட்டார்.

எனினும் விதி வேறு, மக்களின் நாவில் பழகிய வழக்கு வேறு. மிக்தாத் (ரலி) அவர்களைப் பெற்றவர் அம்ர். அவரை மகனாக ஏற்றுக்கொண்டவர் அல்அஸ்வத். திருவசனம் இறங்கிய பின்னரும் மிக்தாத் பின் அல்அஸ்வத் என்ற பழைய பெயரே நூல்களில் பெரிதும் வழங்கி வருகிறது. நபித்தோழர் ஒருவரின் பெயரிலேயே இது நிகழ்ந்ததெனில், மதுரைப் பதிவேடுகளில் நிகழ்வதில் வியப்பில்லை.

மேலைநாட்டு ஆய்வாளர்கள் குடும்பப் பெயரைப் பின்தொடர்கிறார்கள். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகளில், தாயின் மறுமணத்தால் வந்த பிள்ளைகள் பலர் வளர்ப்புத் தந்தையின் குடும்பப் பெயரோடு பதியப்பட்டனர். மருமகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அக்காலத்தில் மனைவியின் முன்தாரத்து மகனையும் குறித்ததால், குழப்பம் இரட்டித்தது. ஆயினும் அவர்களுக்கு வீடுதோறும் எடுத்த கணக்கெடுப்புப் படிவங்கள் எஞ்சியுள்ளன. நமக்கு அவை இல்லை. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து நமக்குக் கிடைப்பவை தொகைகள் மட்டுமே.

மேலும், நம்மிடையே குடும்பப் பெயர் என்பதும் இல்லை. இராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்பன குலப்பட்டங்கள். பெற்றவரும் வளர்த்தவரும் இராவுத்தராகவே இருந்துவிட்டால், பட்டத்தில் மாற்றம் எதுவும் தெரியாது. மாற்றம் தந்தையின் பெயரிலும், பிற்காலத்தில் அதன் முதலெழுத்திலும் மறைந்திருக்கும்.

ஆகவே ஆவணத்தின் தன்மையை அறிந்து அதனை எடைபோட வேண்டும். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் பிள்ளையை அழைத்துவந்தவரின் பெயர். அங்குக் காணும் பெயர் பெற்றவருடையதாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சொத்துப் பத்திரம் அவ்வாறன்று. ஷரீஅத் சட்டப்படி வளர்ப்புத் தந்தையின் சொத்தில் மனைவியின் முன்தாரத்துப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரணசாசனமோ, உயிரோடிருக்கையில் அளிக்கும் அன்பளிப்போதான் வழி. வாரிசுரிமையில் முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டத்தையே பின்பற்றுமாறு 1873ஆம் ஆண்டுச் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டமும் விதித்திருந்தது. எனவே பாகப் பிரிவினைப் பத்திரத்தில் பெற்ற தந்தையின் பெயர் மீண்டும் தலைகாட்டும்; பங்கு கோருவதற்கு அப்பெயரே ஆதாரம். சிறுவருக்குக் காப்பாளர் நியமிக்கக் கோரி 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் தாக்கலான மனுக்களும் இவ்வகையில் பயன் தருபவை. சிறுவரின் சொத்துக்கு வளர்ப்புத் தந்தை தாமாகவே காப்பாளராகிவிட முடியாது.

பள்ளிவாசல், தர்கா மானியங்களைப் பற்றி 1858 முதல் இயங்கிய இனாம் கமிஷன் நடத்திய விசாரணைகளும் அனுபவதாரர்களின் வழிமுறையைப் பதிவு செய்துள்ளன. நிக்காஹ் பதிவேடுகள் இதைவிட நேரடியான சான்று. ஆனால் அவை எல்லாவிடத்தும் ஒரே சீராக இல்லை. அரசு காஜிகளை நியமிக்கும் முறை 1864இல் நீக்கப்பட்டு, 1880ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டத்தால் மீண்டும் வந்தது. அச்சட்டமும் காஜியின் முன்னிலையைத் திருமணத்திற்குக் கட்டாயமாக்கவில்லை. எனவே காஜியின் ஏட்டில் இல்லாத திருமணத்தை நடக்காத திருமணம் எனக் கருதலாகாது. அந்தந்த மஹல்லாவின் ஏடுகளையும் தேட வேண்டும்.

தாயின் மறுமண நாள் கிடைத்துவிட்டால் பெரும் ஐயம் தீரும். கணவரை இழந்தவருக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள். கருவுற்றிருப்பின் பிரசவம் வரை. ஆதலால் மறுமணத்திற்கு முன் பிறந்த பிள்ளை முந்தைய கணவருடையது என்று கொள்ளலாம்.

ஏடுகள் அற்றுப்போன இடத்திலும் ஒரு தடயம் எஞ்சும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதாலேயே மகனின் மகனைப் பெயரன் என்றது தமிழ். எடுத்துக்காட்டாக, இஸ்மாயில் இராவுத்தர் மகன் என்று பத்திரங்களில் காணப்படும் அப்துல் காதிர் என்பவர், தம் மூத்த மகனுக்கு மீரான் என்று பெயரிட்டிருப்பதாகக் கொள்வோம். இஸ்மாயிலின் முன்னோரில் மீரான் எவரும் இல்லையெனில், அப்துல் காதிரைப் பெற்றவர் மீரானாக இருக்கக்கூடுமோ என்று தேடத் தொடங்கலாம். இது முடிவன்று, துப்பு மட்டுமே. இறைநேசரின் பெயரைச் சூட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டன்றோ? மீஸான் கல், பத்திரம், மஹல்லா ஏடு ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்துவந்தாலன்றி முடிவுக்கு வருதல் தகாது.

இத்தேடல் வெறும் ஆர்வத்திற்குரியதன்று. மணமுடிக்கத் தகாத உறவு எது, வக்ஃபு வருவாயில் பங்கு யாருக்கு என்பன வம்சத்தைச் சார்ந்தவை. அறிந்துகொண்டே வேறொருவரைத் தந்தையெனக் கூறுவதை நபிமொழிகள் கடுமையாக எச்சரிக்கின்றன. அதே வேளையில், உண்மையான தந்தை கிடைத்துவிட்டார் என்பதற்காக வளர்த்தவரை வம்சாவளி ஏட்டிலிருந்து நீக்குவது நன்றியன்று. தந்தையரை அறியாவிடில் அவர்கள் உங்கள் சகோதரர்கள் என்று அதே திருவசனம் உறவைக் காத்து நிற்கிறது. வம்சக் கோட்டைப் பெற்றவரோடு இணைத்து, வளர்த்தவரின் பெயரையும் மறுமண ஆண்டையும் அருகே எழுதி வைப்பதே முறை. பஞ்ச காலத்தில் பிறர் பிள்ளைக்குச் சோறிட்ட ஒருவரைப் பின்வரும் தலைமுறை அறிந்துகொள்ள அந்த ஒரு வரி உதவும்.