மறைந்த நீரும் வெளிவரும் புகையும்

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. சிலிண்டருள் அடைபட்ட காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 18-இல் ஒரு பங்காக நசுக்க, 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட அந்த உஷ்ணத்தில் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய யந்திரம் முதல் இன்றைய லாரி வரை தத்துவம் இதுவே. இத்தனை உக்கிரத்துக்கும் அதைத் தணிக்க ஓடும் கூலண்டுக்கும் இடையே ஓர் உலோகச் சுவரே நிற்பதால், ரேடியேட்டரில் நீர் குறைவதை அற்ப விஷயமாக எண்ணி நாள்தோறும் நிரப்பிக்கொண்டு போவது பேரபாயம்.

ஹோஸ் கிளிப்பில் ஒழுகினால் காய்ந்த உப்புப் படிவம் காட்டிக்கொடுக்கும். வாட்டர் பம்பின் சீல் தேய்ந்தால், அதற்கென்றே அடியில் விட்ட சிறு துவாரம் கசியும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்தை (பெரும்பாலும் 1 பார் அளவு) ஏற்றிவிட்டுக் காத்திருக்கையில், பம்பின் அழுத்தமானி முள் இறங்கியும் தரையில் சொட்டு விழாவிடில், நீர் உள்ளே போகிறதென்றே கொள்ள வேண்டும்.

இனிச் சைலன்சரைப் பார்க்கலாம். கறும்புகைக்குக் காரணம் காற்றுக் குறைவோ மிகுந்த டீசலோ. நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம். வெண்புகையில்தான் நிதானம் வேண்டும். குளிர்ந்த காலையில் எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும் வெண்புகையாய் வந்து, எஞ்சின் சூடேறியதும் நின்றுவிடும். சூடேறிய பின்பும் இனிப்பு வாடையோடு தொடர்வது கூலண்டின் ஆவி. நாவில் தொட்டுப் பார்க்கும் வழக்கம் வேண்டாம். கூலண்டில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டரில் இடைவிடாது குமிழி எழும். எஞ்சின் ஆயில் பாலாய் வெளுப்பதும் உண்டு. புதிய வண்டிகளில் புகையைக் குளிர்வித்துத் திருப்பியனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் விரிசல் விட்டாலும் இதே வெண்புகை வரும்.

யாவற்றினும் சூக்ஷ்மமானது, சிலிண்டரின் உட்சுவரான லைனரில் விழும் துளை. பிஸ்டன் பக்கவாட்டில் மோதுந்தோறும் லைனர் அதிர, அதன் புறத்தைத் தழுவிய நீரில் நுண்குமிழிகள் தோன்றி மறுகணமே உடைந்து, உடையுந்தோறும் இரும்பை அரித்து, நாளடைவில் ஊசித்துளையே இட்டுவிடுகின்றன. அதைத் தடுக்கும் நைட்ரைட் முதலிய ரசாயனங்கள் கூலண்டிலேயே கலந்துள்ளன. வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற அவற்றின் வீரியம் குன்றுவதால், பழைய கசிவுக்குச் செய்த உபசாரமே புதிய கசிவுக்கு வித்தாகிறது. இரவில் அத்துளை வழியே சிலிண்டரில் நீர் தேங்கிவிட்டால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது காற்றைப்போல அது நசுங்கிக் கொடுக்காது; கனெக்டிங் ராடுதான் வளையும்.