மின்னல் வெட்டியதும் போன கரண்ட், ஒரே நொடியில் திரும்பி வருவது எப்படி?

மழை இரவு. பளீரென ஒரு மின்னல். ஃபேன் ஒரு நொடி தயங்கி மறுபடி சுற்றுகிறது. வைஃபை ரவுட்டர் அணைந்து எரிகிறது. பாதியில் நிற்கிறது ஆன்லைன் மீட்டிங். ‘ச்சே, என்ன கரண்ட் இது!’ என்று அலுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த ஒரு நொடி, மின் லைன் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட நொடியாக இருக்கலாம்.

உச்சியில் ஓடும் கம்பி எதற்கு?

அடுத்த முறை நெடுஞ்சாலையில் போகும்போது உயரமான மின்கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லியதாக ஒன்றோ இரண்டோ கம்பிகள் ஓடும். அவை வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவருபவை அல்ல, எர்த் வயர்கள். மின்னலைத் தாங்களே வாங்கி, கோபுரம் வழியாக மண்ணுக்குள் இறக்கிவிடுவதுதான் வேலை. ஒரு மின்னலில் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் பாயும். வீட்டு ஏசி இழுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான்!

அப்புறம் ஏன் கரண்ட் போகிறது?

மின்கம்பியைக் கோபுரத்தில் ஒட்டாமல் தொங்கவிடும் பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டுகளின் வரிசைதான் இன்சுலேட்டர். கோபுரத்தின் அடியில் பாறையோ காய்ந்த மண்ணோ இருந்தால் மின்னல் சட்டென இறங்காது. கோபுரத்தின் மின்னழுத்தம் எகிறி, இன்சுலேட்டரைத் தாண்டிக் கம்பிக்கே பொறி தாவும். இதைத் தடுக்கத்தான் பாறை நிலத்தில் கூடுதல் எர்த் கம்பிகளைப் புதைக்கிறார்கள். தாவினாலும் பீங்கான் வெடிக்காமலிருக்க, தட்டு வரிசையின் முனைகளில் கொம்பு போன்ற உலோகக் கம்பிகள் உண்டு; பொறி அவற்றுக்கு இடையே காற்றில் எரியும். மின்னல் அதிகம் தாக்கும் இடங்களில் சர்ஜ் அரெஸ்டர்களையும் மாட்டுவார்கள்.

மின்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆனால் அது திறந்துவிட்ட பொறிப் பாதையில் லைனின் சொந்த மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே பிரேக்கர் லைனைத் துண்டிக்கிறது. பொறி அணைகிறது. தானியங்கி வசதி உள்ள லைன்களில் பிரேக்கர் மறுபடி இணைகிறது. நாம் பார்த்த ‘ஒரு நொடி’ இதுதான்.

பிரிட்டனில் நடந்தது என்ன?

2019 ஆகஸ்ட் 9 மாலை, லண்டனுக்கு வடக்கே 400 கிலோவோல்ட் லைனில் மின்னல் விழுந்தது. சுமார் 20 நொடிகளில் லைன் தானாகவே திரும்பிவிட்டது. ஆனால் அந்த அதிர்வில் ஹார்ன்சீ கடல் காற்றாலையும் லிட்டில் பார்ஃபோர்ட் எரிவாயு மின் நிலையமும் அடுத்தடுத்துக் கைவிட்டன. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ரயில்கள் மணிக்கணக்கில் நின்றன. கம்பி தப்பித்தால் மட்டும் போதாது, அதோடு இணைந்த நிலையங்களும் அந்த அதிர்வைத் தாங்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

தானாகத் திரும்பும் இந்த வசதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மழையில் அறுந்து விழுந்த கம்பி அசையாமல், பொறி பறக்காமல் கிடக்கலாம். ‘கரண்ட் போயிடுச்சு, தைரியமா தாண்டலாம்’ என்று நினைக்காதீர்கள். அடுத்த நொடியே அதில் மின்சாரம் திரும்பலாம். ஈரத் தரையும் ஷாக் அடிக்கும். விலகி நில்லுங்கள், மற்றவர்களையும் நிறுத்துங்கள், உடனே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மின்னகம் எண்: 94987 94987. இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.